மோட்டார் காரின் மூன்று ஆடிகள்

மோட்டார் வாகனம் ஓட்ட உரிமம் கோரி வருபவரிடம் எவ்வெத் திறமைகள் உள்ளனவா என்று அதிகாரி சோதித்தறிய வேண்டும் என்பதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி வரிசையாகக் கூறுகிறது. எஞ்சினை இயக்குமுன் கொள்ள வேண்டிய எச்சரிக்கை, கியர் மாற்றுவது, மேட்டில் வண்டியை நகர்த்துவது, பின்னோக்கி ஓட்டுவது எனப் பல இனங்கள் அதில் அடங்கியுள்ளன. ஆனால் அவ்வரிசையின் முதல் இனம் இவற்றில் எதுவுமன்று. பின்காட்டும் ஆடியைத் தனக்கேற்றவாறு அமைத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அது. பிறகு திருப்பங்களைப் பற்றிக் கூறுமிடத்தில், சைகை காட்டுவதற்கு முன் ஆடியை முறைப்படி பயன்படுத்த வேண்டும் என்று அது மறுமுறையும் வற்புறுத்தப்படுகிறது.

ஏட்டில் முதலிடம் பெற்ற இவ்வினம் பயிற்சியில் கடைசி இடத்தைக்கூடப் பெறுவதில்லை. டில்லி நகரில் காலை வேளையில் சிவப்பு நிற ‘எல்’ எழுத்தைத் தாங்கி மெல்ல ஊர்ந்து செல்லும் பயிற்சிக் கார்களைச் சற்று உற்று நோக்கினால் இது விளங்கும். பல கார்களில் உள் ஆடி, கற்பவரை நோக்கியன்றிப் பக்கத்தில் அமர்ந்துள்ள ஆசிரியரை நோக்கித் திருப்பப்பட்டிருக்கும். அவருக்கும் பின்னால் வருவது தெரிய வேண்டுமல்லவா? காரணம் நியாயமானதே. ஆயினும் அதன் விளைவாக, கற்பவர் பின்புறம் என்று ஒன்று இருப்பதையே மறந்து ஓட்டப் பழகிவிடுகிறார். ஆசிரியருக்கென்று தனியாக இரண்டாவது ஆடி ஒன்றை ஒட்டிக்கொள்ள மிகச் சிறிய தொகையே செலவாகும்.

இக்கட்டுரையாளரும் டில்லியில் அவ்வாறே பழகியவர். உரிமம் பெற்ற பின்னர்த் தனியே ஓட்டிச் சென்ற முதல் வாரத்தில், குடியிருப்பு ஒன்றின் வாயிலை நோக்கி இடப்புறம் திரும்பியபோது, பக்கவாட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்த பால்காரர் கதவில் மோதி விழுந்தார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. பால் முழுவதும் சாலையில் ஓடிற்று. அன்று காரின் இடப்புற ஆடி மடக்கியே இருந்தது. நெரிசலில் உடைந்துவிடும் என்று அஞ்சி மடக்கி வைப்பது இந்நகரில் பலருக்கு வழக்கம். விலை குறைந்த கார்கள் பலவற்றில் நெடுங்காலம் அந்த ஆடியே பொருத்தப்படாமல் இருந்தது என்பதும் அவ்வழக்கத்திற்கு ஒரு காரணமாகலாம்.

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 44.5 சதவிகிதத்தினர் இருசக்கர மோட்டார் வாகனங்களில் சென்றவர்கள், 19.5 சதவிகிதத்தினர் நடந்து சென்றவர்கள். இம்மரணங்கள் யாவும் ஆடியைப் பாராமையால் நேர்ந்தவை என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஆடியின் ஓரத்தில் சிறு புள்ளியாகத் தோன்றி மறைபவர்கள் பெரும்பாலும் யார் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

குவி ஆடி செய்யும் மயக்கம்

காரில் மூன்று ஆடிகள் உள்ளன. முன்கண்ணாடிக்கு மேல் உள்ளே இருப்பது பொதுவாகச் சமதள ஆடி. வெளியே இரு பக்கங்களிலும் இருப்பவை, நம் நாட்டுக் கார்களில் பெரும்பாலும் குவி ஆடிகள். ‘மிரர்’ என்ற ஒரே பெயரால் டிரைவர்கள் இவற்றைக் குறித்தாலும், இவை சொல்லும் செய்தி ஒன்றன்று.

சமதள ஆடியில் பிம்பம், பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளதோ அவ்வளவு தூரம் ஆடிக்குப் பின்னால், அதே அளவில் தோன்றும். ஆகவே அது தூரத்தைப் பற்றி உண்மையே சொல்லும். அதன் குறை, காட்டும் பரப்புக் குறுகியது என்பதே. 16 சென்டிமீட்டர் அகலமுள்ள சமதள ஆடியை 70 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் சுமார் 13 பாகை அகலமே காணக்கூடும். அதே அகலமுள்ள குவி ஆடி, வளைவு ஆரம் 1.2 மீட்டராயின், ஏறக்குறைய 28 பாகையைக் காட்டும். இந்த நன்மைக்காகவே வெளி ஆடிகளைக் குவி ஆடிகளாகச் செய்கின்றனர். ஆனால் அகன்ற காட்சியை அதே சிறு சட்டத்துக்குள் அடக்க வேண்டுமாயின் பொருள்கள் சிறுத்தே ஆக வேண்டும். சிறுத்துத் தோன்றுவதைத் தொலைவில் உள்ளதாகக் கொள்வது நம் மூளையின் இயல்பு. மயக்கம் இங்கேதான் பிறக்கிறது.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பள்ளியில் கற்பிக்கும் ஆடிச் சூத்திரமே போதும். வளைவு ஆரம் 1.2 மீட்டர்; ஆகவே குவியத் தூரம் 60 சென்டிமீட்டர். ஆடிக்கு 12 மீட்டர் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். அவருடைய பிம்பம் ஆடிக்குப் பின்னால் 57 சென்டிமீட்டர் தொலைவில், உண்மை அளவில் 21-இல் ஒரு பங்காகத் தோன்றும். தலை முதல் சக்கரம் வரை 168 சென்டிமீட்டர் உயரமாயின் பிம்பம் 8 சென்டிமீட்டர். வலப்புற ஆடி ஓட்டுபவரின் கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தொலைவில் இருக்குமாயின், கண்ணுக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி 127 சென்டிமீட்டர். அத்தொலைவில் 8 சென்டிமீட்டர் உயரம் எந்தக் கோணத்தைக் கண்ணில் ஏற்படுத்துமோ, அதே கோணத்தை ஓர் உண்மையான மோட்டார் சைக்கிள் சுமார் 27 மீட்டர் தொலைவிலிருந்து ஏற்படுத்தும். அதாவது 12 மீட்டரில் வருபவர் 27 மீட்டரில் வருவதாகத் தோன்றுகிறார்.

இடப்புற ஆடியில் மயக்கம் இன்னும் மிகுதி. அது ஓட்டுபவரிடமிருந்து சுமார் 130 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. கண்ணுக்கும் பிம்பத்துக்கும் இடையே 187 சென்டிமீட்டர் ஆகிறது. கணக்கை மறுபடி போட்டால், அதே மோட்டார் சைக்கிள் 39 மீட்டர் தொலைவில் உள்ளதாகத் தெரியும். காரைவிட அது விநாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர், கூடுதல் வேகத்தில் வருகிறது என்போம். ஆடியை மட்டும் நம்பியவர் தமக்கு ஏறக்குறைய 8 விநாடி அவகாசம் இருப்பதாக எண்ணுவார். உண்மையில் இருப்பதோ 2.4 விநாடி.

ஆடியில் தெரிவன தோன்றுவதைவிட அருகில் உள்ளன என்னும் எச்சரிக்கையைப் பல கார்களின் வெளி ஆடிகளில் பொறித்திருப்பதைக் காணலாம். அமெரிக்காவில் ஓட்டுபவரின் பக்கத்து ஆடி சமதளமாகவே இருக்க வேண்டும்; எதிர்ப்பக்கத்து ஆடி குவி ஆடியாக இருந்தால் அதில் இவ்வெச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்பது அங்குள்ள விதி. கற்பவர் எளிதாகக் கைக்கொள்ளத்தக்க வழி ஒன்று உண்டு: பின்னால் ஏதேனும் வருகிறதா, எந்தப் பக்கம் வருகிறது என்பதை வெளி ஆடியைக் கேட்க வேண்டும், எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதை உள் ஆடியைக் கேட்க வேண்டும்.

அமைத்துக்கொள்ளும் முறை

இருக்கையைச் சரிசெய்துகொண்ட பிறகே ஆடிகளைத் தொட வேண்டும். ஆடியை அமைத்துவிட்டு இருக்கையை நகர்த்துபவர் இரண்டாம் முறையும் அமைக்க நேரிடும். பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. உள் ஆடியில், தலையை அசைக்காமலே பின்கண்ணாடி முழுவதும் தெரிய வேண்டும்.

வெளி ஆடிகளை எவ்வாறு அமைப்பது என்பதில் ஓட்டுபவர் பலரும் தவறுகின்றனர். தம் காரின் பக்கம் பாதி ஆடியை அடைத்துக்கொண்டு தெரியுமாறு வைத்துக்கொள்கின்றனர். சொந்தக் காரின் கதவு ஓடிப்போய்விடாது. அதைக் காவல் காப்பதற்கு ஆடி வேண்டியதில்லை. இவ்வாறு அமைத்தால் வெளி ஆடி, உள் ஆடி காட்டியதையே மீண்டும் காட்டும். காருக்கு இரு பக்கங்களிலும் பின்கதவை ஒட்டிய பகுதியோ எந்த ஆடியிலும் படாத மறைவிடமாகிவிடும்.

அமெரிக்கப் பொறியியலார் ஜார்ஜ் பிளாட்ஸர் 1995-இல் வெளியிட்ட ஆய்வுரையில் இதற்கு ஒரு முறை கூறினார். நம் நாட்டுக் கார்களுக்கு ஏற்ப அதை இவ்வாறு மாற்றிக் கூறலாம். வலப்புற ஆடியை அமைக்கும்போது தலையை வலது சன்னல் கண்ணாடியைத் தொடும் அளவுக்குச் சாய்த்து, அந்நிலையில் காரின் பக்கம் ஆடியில் சற்றே தெரியும் வரை ஆடியை வெளிப்புறம் திருப்ப வேண்டும். இடப்புற ஆடிக்கு, தலையை இரு முன்னிருக்கைகளுக்கும் நடுவே சாய்த்து அவ்வாறே செய்ய வேண்டும். நிமிர்ந்து அமர்ந்ததும் சொந்தக் கார் ஆடியிலிருந்து மறைந்துவிடும். அடுத்த தடத்தில் வரும் வண்டிகள் தெரியும்.

இம்முறையை அப்படியே பின்பற்றுவதா என்பதில் சிறிது யோசனைக்கு இடமுண்டு. ஓட்டுபவர் பக்கத்தில் சமதள ஆடி உள்ள நாட்டில் எழுந்த முறை இது. நம் ஆடிகள் குவிந்தவை. பரப்பை முன்பே அகலமாகக் காட்டுபவை. அன்றியும் டில்லிச் சாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் தடத்தைப் பின்பற்றி வருவதில்லை. காரை உரசுவதுபோல் வருகின்றன. அவை காரிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்று அறிய, காரின் பக்கம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிவது நல்லது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அதற்கு மேல் தெரிவது வீண்.

அமைத்தது சரிதானா என்று அறிய ஒரு சோதனை செய்யலாம். சாலை ஓரமாகக் காரை நிறுத்திக்கொண்டு, கடந்து செல்லும் வண்டி ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது உள் ஆடியிலிருந்து முற்றும் மறையுமுன் வலப்புற ஆடியில் தலைகாட்ட வேண்டும். வலப்புற ஆடியிலிருந்து மறையுமுன் கடைக்கண்ணில் நேராகப் பட வேண்டும். இடையில் ஒரு கணமேனும் காணாமற்போனால் அந்த இடமே மறைவிடம். எவ்வளவு நன்றாக அமைத்தாலும் சைக்கிள் போன்ற சிறிய வண்டி மறைந்து நிற்க இடம் எஞ்சியே இருக்கும். ஆகையால் தடம் மாறுமுன் தோளுக்கு மேலாகத் திரும்பி ஒரு முறை நேரே பார்ப்பதை ஆடிகள் நீக்கிவிடவில்லை.

பள்ளி முற்றத்தில் ஒரு சோதனை

கார் இல்லாமலே இவற்றை மாணவர்களுக்குக் காட்டலாம். மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகக் கடையில் குவி ஆடிகள் இரண்டும், வீட்டிலுள்ள முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் போதும். முற்றத்தில் சுண்ணாம்புக் கட்டியால் 4 மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் உள்ள கட்டம் வரைந்து, ஓட்டுபவர் அமரும் இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு மாணவர் ஒருவரை உட்காரவைக்க வேண்டும். இருவர் வெளி ஆடிகளையும் ஒருவர் உள் ஆடியையும் உரிய இடங்களில் பிடித்துக்கொள்வர். மற்றவர்கள் பின்னாலிருந்து, கட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் விலகி, மெல்ல நடந்து வர வேண்டும். அமர்ந்திருப்பவர் “தெரிகிறது”, “மறைந்தது” என்று சொல்லச் சொல்ல, அந்த இடங்களைத் தரையில் குறித்துக்கொண்டே வந்தால் மறைவிடத்தின் வடிவம் கண்முன் தோன்றிவிடும். ஆடியைச் சிறிது வெளியே திருப்பி மறுபடி நடக்கச் செய்தால் அது சுருங்குவதையும் காணலாம். ஒரு மாணவரை 12 மீட்டர் பின்னால் நிறுத்தி, அமர்ந்திருப்பவரிடம் அவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று ஒவ்வோர் ஆடியையும் கொண்டு ஊகிக்கச் சொல்லலாம். மூன்று விடைகளையும் கரும்பலகையில் எழுதியபின் சூத்திரத்தைத் தொடங்கினால், அன்றைய பாடத்துக்கு வேறு முன்னுரை வேண்டாம்.

எப்போது பார்ப்பது?

ஆடியைப் பார்க்கும் நேரத்தில் முன்னால் பார்க்க முடியாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் சென்றுவிடும். நம் கண்ணில் கூர்மையாகக் காணும் பகுதியோ மிகச் சிறியது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகத்தின் அகலம் அளவே. ஆகவே ஆடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது, பாராதிருப்பதைப் போன்றே ஆபத்தானது. அடிக்கடி, ஒரு விநாடிக்கு மேற்படாமல், பார்வையை ஓட்டி மீட்டுக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்பவருக்குப் பின்புறக் காட்சி தொடர்ச்சியாக நினைவில் இருக்கும். அவசரத்தில் தேட வேண்டியிராது.

வண்டியை நகர்த்துமுன், தடம் மாறுமுன், திரும்புமுன், பிரேக்கை மிதிக்குமுன் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. இவற்றில் கடைசியானதைக் கற்பவர் நம்புவதில்லை. நிறுத்துவதற்கு எதற்கு ஆடி என்று கேட்பர். பின்னால் நெருங்கி வருவது பஸ்ஸா சைக்கிளா என்பதைப் பொறுத்தே, முன்கூட்டி மெல்ல மிதிப்பதா, அழுத்தி மிதிப்பதா என்பது முடிவாக வேண்டும். மேலும் ஆடி பார்ப்பது முதலில், சைகை காட்டுவது பிறகு, திரும்புவது கடைசியில். சைகையை முதலில் காட்டிவிட்டு ஆடியைப் பார்ப்பவர், ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்.

புது டில்லியின் வட்டச் சந்திப்புகளைப் பற்றித் தனியே கூற வேண்டும். வின்ட்ஸர் பிளேஸ் போன்ற வட்டங்களில் வண்டிகள் வலஞ்சுழியாகச் செல்கின்றன. நுழையும்போது வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டியிருப்பதால் ஓட்டுபவரின் கவனம் முழுவதும் வலப்புறமே இருக்கும். வெளியேறுவதோ இடப்புறமாக. அந்நேரத்தில் இடப்பக்கத்தை ஒட்டி வருபவை சைக்கிள்கள், ஆட்டோக்கள், பாட்டரி ரிக்ஷாக்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நேர்ச்சாலையில் இடப்புற ஆடியின் நடுவே தெரிய வேண்டிய வண்டி, வளைவில் செல்லும்போது ஆடியின் உள்விளிம்பை நோக்கி ஒதுங்கித் தோன்றும். சில வேளை உள் ஆடிக்கே போய்விடும். 40 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில், 12 மீட்டர் பின்னால் வரும் வண்டி இவ்வாறு ஏறக்குறைய 1.8 மீட்டர் இடம் மாறித் தோன்றும். ஆதலால் வட்டத்தை விட்டு வெளியேறுமுன் இடப்புற ஆடி, உள் ஆடி, இடத்தோள் ஆகிய மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும்.

லாரிகளின் பின்புறத்தில் ‘ஹார்ன் பிளீஸ்’ என்று எழுதியிருப்பது நமக்கெல்லாம் பழகிய காட்சி. பின்னால் வருபவரே தம் வரவை அறிவித்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருள். ஆடியில்லாத காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். ஹார்ன் ஒலியை ஊக்குவிக்கிறது என்ற காரணத்தால் மஹாராஷ்டிர அரசு 2015-இல் ‘ஹார்ன் ஓகே பிளீஸ்’ என்று எழுதுவதைத் தடை செய்தது. ஆனால் எழுத்தை அழித்துவிடலாம்; ஆடியைப் பார்க்கும் பழக்கம் அதனால் மட்டும் வந்துவிடாது. டில்லியில் 2021 ஜனவரியில் போக்குவரத்துப் போலீசார் நகரின் மேற்குப் பகுதியில், பின்காட்டும் ஆடியில்லாத இருசக்கர வாகனங்களின்மீது தனி நடவடிக்கை எடுத்தனர். அழகைக் கெடுக்கிறது என்று ஆடியைக் கழற்றிவிடும் இளைஞர்கள் அதற்குப் பின்னும் குறைந்தபாடில்லை.

ஆடியின் வரலாறும் ஏறத்தாழ இப்படியே தயங்கித் தயங்கி நடந்திருக்கிறது. ஆங்கிலேயப் பெண்மணி டாரதி லெவிட் 1909-இல் எழுதிய நூலில், கார் ஓட்டும் பெண்கள் கைக்கண்ணாடி ஒன்றை உடன் வைத்துக்கொண்டு அவ்வப்போது உயர்த்திப் பின்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனை கூறினார். 1911-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ரே ஹாரன் என்பவர், பின்னால் பார்த்துச் சொல்லும் துணையாள் இல்லாமல், ஆடி ஒன்றைப் பொருத்திக்கொண்டு ஓட்டி வென்றார். செங்கல் பதித்த அத்தளத்தில் ஆடி அதிர்ந்த அதிர்ச்சியில் தமக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை என்று அவர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இரவும், பின்னோக்கி ஓட்டுவதும்

உள் ஆடியின் அடியில் சிறு நெம்பு ஒன்று இருக்கும். பலர் அதைத் தொட்டதே இல்லை. இவ்வாடியின் கண்ணாடி ஆப்பு வடிவில், மேலும் கீழும் தடிப்பு வேறுபடுமாறு செய்யப்பட்டது. பகலில் நாம் காண்பது பின்பரப்பிலுள்ள வெள்ளிப் பூச்சு தரும் பிரகாசமான பிம்பம். நெம்பைத் தள்ளினால் அப்பிம்பம் கூரையை நோக்கி விலகிவிட, முன்பரப்பு தரும் மங்கிய பிம்பமே கண்ணுக்கு வரும். அப்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவிகிதத்தையே திருப்புகிறது. பின்னால் வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யாது. விளக்குப் புள்ளிகள் மட்டும் தெரியும். டில்லியில் ஜனவரி மாதத்து மூடுபனியின்போது வெளி ஆடிகளில் நீர்த்துளி படிந்து காட்சி முழுவதும் கரைந்துவிடும். உலர்ந்த துணி ஒன்றைக் கதவில் வைத்திருப்பதே போதும். பனிக்காலத்தில் புறப்படுமுன் துடைத்தும், வழியில் நின்று மறுபடி துடைத்தும் செல்ல வேண்டும்.

பின்னோக்கி ஓட்டுகையில் ஆடிகளின் எல்லை தெளிவாகப் புலப்படுகிறது. சராய் காலே கான் போன்ற இடங்களிலுள்ள தானியங்கித் தேர்வுத் தடங்களில், கோட்டைத் தொடாமல் பின்னோக்கி ஓட்ட வெளி ஆடிகள் பெரிதும் உதவும். ஆனால் கோடு ஓடி வராது. குழந்தை ஓடி வரும். உள் ஆடி தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்திலும், பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு 100 சென்டிமீட்டர் உயரத்திலும், இரண்டுக்கும் இடைவெளி 260 சென்டிமீட்டராகவும் உள்ள காரில், பின்கண்ணாடிக்கு அப்பால் 10 மீட்டர் வரை தரையே தெரியாது. 75 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தை இரண்டரை மீட்டருக்குள் நின்றால் அதன் உச்சந்தலைகூட அந்த ஆடியில் தெரியாது. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்னோக்கி ஓட்டும்போது எச்சரிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. எனினும் அலுவலக ஜீப்புகளில் பல அதற்கு முந்தியவை. கிராமங்களுக்குச் செல்லும் ஊழியர்கள் நன்கறிவர்: ஜீப் நின்றவுடன் அதைச் சூழ்ந்துகொள்பவர்கள் குழந்தைகளே. புறப்படுமுன் வண்டியை ஒரு முறை சுற்றி நடந்து பார்த்துவிட்டு ஏறுவதற்கு ஈடான ஆடி எதுவும் இல்லை.

வண்டியை நிறுத்திய பிறகும் ஆடிக்கு வேலை உண்டு. ஓட்டுபவரின் கதவு சாலைப் பக்கம் திறப்பது. திறந்த கதவில் மோதி விழும் சைக்கிள்காரர் பின்னால் வரும் பஸ்ஸுக்கு முன்னால் விழுகிறார். வலப்புற ஆடியைப் பார்த்த பின்பே கைப்பிடியைத் தொட வேண்டும். அதையும் வலக் கையால் அன்றி இடக் கையால் திறந்தால் உடல் தானாகவே வலப்புறம் திரும்பி, கண் பின்னால் வரும் சாலையைப் பார்த்துவிடும். நெதர்லாந்து நாட்டாரின் வழக்கம் என்று இதைக் கூறுவர். இடப்புறமாக இறங்குபவர்கள் வலக் கையால் திறக்க வேண்டும். பின்னிருக்கையில் அமர்ந்தவர்களுக்கு ஆடி இல்லையாதலால், அவர்களிடம் அதை ஓட்டுபவரே சொல்ல வேண்டியிருக்கும்.